தீக்காயத்துக்கு வந்த புது வைத்தியமும் நம் கடைத் தண்ணீரும்



வத்தல் வரத்து எப்படி, மல்லி விலை இறங்குமா, உளுந்தை இருப்பு வைக்கலாமா என்றுதான் இந்தப் பக்கங்களில் நாம் பேசுவது வழக்கம். இந்தத் தடவை மனிதத் தோலைப் பற்றி எழுதுகிறோம். மளிகைக் கடைக்காரருக்கும் தோல் வைத்தியத்துக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் கேட்கலாம். மஞ்சள், பாசிப்பயற்று மாவு, சோப்பு, முகப்பவுடர் என்று தோலுக்குரிய சரக்கில் பாதி நம் கடையில்தான் இருக்கிறது. அது ஒரு பக்கம் இருக்கட்டும். சென்னையில் தோல் டாக்டர் என்றால் முகப்பருவும் தேமலும் நினைவுக்கு வரும். நம் பக்கத்தில் தோல் என்றால் தீக்காயம்தான் முதலில் நினைவுக்கு வருகிறது.

அதற்குக் காரணம் நாம் வாழும் மண். 1922-ல் சிவகாசியிலிருந்து திரு. அய்ய நாடாரும் திரு. சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்றுவந்தார்கள். அதன் பிறகு பட்டாசும் வந்தது. மழை பொய்த்த கரிசல் பூமியில் லட்சக்கணக்கான குடும்பங்களுக்குச் சோறு போட்டது இந்தத் தொழில்தான். அந்தக் குடும்பங்களின் வாரச் சம்பளம்தான் சனிக்கிழமை சாயங்காலம் நம் சில்லறைக் கடைகளின் கல்லாவுக்கு வருகிறது. அதே தொழில் விபத்தையும் தந்திருக்கிறது. 2012 செப்டம்பர் 5-ந் தேதி முதலிப்பட்டியில் நடந்த வெடிவிபத்தில் சுமார் 40 பேர் இறந்தார்கள். உதவிக்கு ஓடியவர்களும் அதில் மாண்டார்கள். 2021 பிப்ரவரியில் சாத்தூர் அருகே அச்சங்குளத்தில் 20 பேருக்கு மேல் போனார்கள். இறந்தவர் கணக்கு பத்திரிகையில் வருகிறது. பிழைத்து, கை மடங்காமல், கழுத்துத் திரும்பாமல் மிச்ச வாழ்க்கையைக் கழிப்பவர்களின் கணக்கு எதிலும் வருவதில்லை. அவர்கள் நம் வாடிக்கையாளர்கள். ஆகவே இது நமக்குச் சம்பந்தமில்லாத விஷயம் அல்ல.

கடந்த நாற்பது வருடத்தில் தீக்காய வைத்தியம் எவ்வளவோ மாறிவிட்டது. அந்த மாறுதலையும், மாறாமல் நம் கையிலேயே இருக்கும் ஒரு காரியத்தையும் சொல்வதுதான் இக்கட்டுரையின் நோக்கம்.

எங்கள் கிட்டங்கியில் நடந்தது

முதலில் எங்கள் தவறைச் சொல்லிவிடுகிறோம்.

1986-ம் வருடம் ஐப்பசி மாதம். தீபாவளிக்கு ஒரு வாரம் இருந்தது. இரவு லாரியில் வந்த துவரை மூடைகளை இறக்கிவிட்டு, சுமை தூக்கும் தொழிலாளர்கள் கிட்டங்கி ஓரத்தில் பம்ப் ஸ்டவ்வில் டீ போட்டுக்கொண்டிருந்தார்கள். ஸ்டவ் வெடித்தது. அருகில் குனிந்திருந்தவருக்கு அப்போது இருபத்தெட்டு வயது இருக்கும். மூடை தூக்குவதில் பேட்டையில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. வலது கை முழுவதும், கழுத்தின் ஒரு பக்கமும் தீப்பிடித்தது. சாக்கைப் போட்டு அமுக்கித் தீயை அணைத்தோம். அதுவரை செய்தது சரிதான்.

அதன் பிறகு செய்ததுதான் தவறு. ஒருவர் “பேஸ்ட் கொண்டுவாங்க” என்றார். இன்னொருவர் “இங்க் ஊத்துங்க” என்றார். கடைக்கு ஓடி ஆறு பற்பசை டியூப்களை எடுத்து வந்து பிதுக்கி அப்பினோம். கணக்குப்பிள்ளை மேஜையிலிருந்த மைப்புட்டியைக் கவிழ்த்தோம். கிட்டங்கி வாசலில் தொட்டி நிறையத் தண்ணீர் கிடந்தது. ஒரு இளவட்டம் வாளியை எடுத்தபோது, “தண்ணி பட்டா கொப்புளம் போட்டுரும், வைடா கீழே” என்று பெரியவர் ஒருவர் அதட்டினார். நாங்களும் அதற்குத் தலையாட்டினோம்.

ஆஸ்பத்திரியில் நர்ஸம்மா அந்தப் பேஸ்டைச் சுரண்டிச் சுரண்டி எடுத்தார். அந்தச் சத்தம் இன்னும் எங்கள் காதில் இருக்கிறது. “யாரு இதை அப்பினது?” என்று கேட்டார். “நாங்கதாம்மா” என்றோம். பிறகு டாக்டர் வந்து ஒரே கேள்விதான் கேட்டார். “தண்ணி ஊத்தலையா?”

இரண்டு மாதத்துக்கு மேல் அவர் ஆஸ்பத்திரியில் கிடந்தார். புண் ஆறியது. ஆனால் ஆறிய தோல் சுருங்கி இழுத்துக்கொண்டது. முழங்கை பாதிக்கு மேல் நீளவில்லை. மூன்று விரல்கள் மடங்கவில்லை. கொக்கியைப் பிடித்து மூடையை இழுக்கும் கை போய்விட்டது. தராசுப் பக்கம் எடை பார்க்கும் வேலை கொடுத்து வைத்திருந்தோம். கடைசி வரை எங்களிடம்தான் இருந்தார். ஒரு நாளாவது “முதலாளி, அன்னைக்குத் தண்ணி ஊத்தியிருந்தா” என்று அவர் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் எங்களுக்குப் பாரம் கொஞ்சம் குறைந்திருக்கும்.

தீயின் கணக்கு

தோலை நாம் வெறும் போர்வை என்று நினைக்கிறோம். அது உடம்புக்குள் தண்ணீரைக் கட்டிக் காப்பது, வெளியிலிருந்து கிருமி வராமல் தடுப்பது, உடல் சூட்டைச் சமன் செய்வது என்று பல வேலை பார்க்கிறது. சாக்கு கிழிந்தால் சரக்கு கொட்டுவது போல, தோல் போனால் உடம்பின் நீர் வடிந்துவிடும். பெரிய தீக்காயத்தில் முதல் இரண்டு நாளில் உயிர் போவது பெரும்பாலும் இதனால்தான். அதற்குப் பிந்திப் போவது கிருமியால்.

டாக்டர்கள் இதற்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். உடம்பை ஒன்பது ஒன்பதாகப் பங்கு போடுவார்கள். தலையும் கழுத்தும் 9 சதம். ஒரு கைக்கு 9, இரண்டு கைக்கும் 18. ஒரு காலுக்கு 18, இரண்டு காலுக்கும் 36. நெஞ்சும் வயிறும் 18, முதுகு 18. மிச்சம் 1 சதம் மர்ம உறுப்பு. சின்னக் காயமானால், காயம்பட்டவரின் விரல் சேர்ந்த உள்ளங்கை அளவு சுமார் 1 சதம். குழந்தைகளுக்குத் தலை பெரிது, கால் சிறிது என்பதால் கணக்கு மாறும்.

அந்தச் சதத்தை வைத்து எவ்வளவு திரவம் ஏற்ற வேண்டும் என்று கணிப்பார்கள். பரவலாக வழங்கும் சூத்திரப்படி, எடை கிலோவுக்கும் காயம் சதத்துக்கும் 4 மில்லி. 60 கிலோ ஆளுக்கு 30 சதம் காயம் என்றால் 4 பெருக்கல் 60 பெருக்கல் 30, ஆக 7,200 மில்லி. ஏழு லிட்டருக்கு மேல். அதில் பாதியை முதல் எட்டு மணி நேரத்துக்குள் ஏற்ற வேண்டும். அந்த எட்டு மணி நேரம் ஆஸ்பத்திரி வாசலை மிதித்த நேரத்திலிருந்து அல்ல, தீப்பட்ட நேரத்திலிருந்து தொடங்குகிறது. நாம் வண்டி தேடி, ஆள் தேடி, மந்திரிக்கப் போய்த் தாமதிக்கும் ஒவ்வொரு மணி நேரமும் அந்தக் கணக்கில் பற்று எழுதப்படுகிறது.

அடுத்தது ஆழம். மேல்தோல் மட்டும் சிவந்தால் தானே ஆறும். கொப்புளம் போட்டால் உட்தோலில் ஒரு பகுதி பழுது. தோல் முழு ஆழமும் வெந்தால் வெளுத்தோ கருத்தோ தோல்வார் போல ஆகிவிடும். நரம்பு முனை செத்துவிடுவதால் அந்த இடத்தில் வலிகூடத் தெரியாது. வலி இல்லை என்று சந்தோஷப்படக் கூடாது. அதுதான் கெட்ட காயம். அது தானாக ஆறாது, தோல் ஒட்டுப் போட வேண்டும்.

சீவும் கருவியும் வலைச் சாக்கும்

தோலை எடுத்து ஒட்டும் வித்தை நம் நாட்டுக்குப் புதிதல்ல. அறுந்த மூக்கைத் தோல் கொண்டு சீர்செய்வது சுசுருதர் காலத்து வைத்தியம். 1794-ல் லண்டன் பத்திரிகை ஒன்று இந்திய முறையில் மூக்கு ஒட்டியதைப் படத்தோடு வெளியிட்டது. அதைப் பார்த்துத்தான் ஐரோப்பிய வைத்தியர்கள் இதில் இறங்கினார்கள் என்று வைத்திய சரித்திரம் சொல்கிறது.

ஆனால் தீக்காயத்தில் வெந்த பரப்பு பெரிது, எடுக்கக் கிடைக்கும் நல்ல தோல் குறைவு. இந்தக் கஷ்டத்தைத்தான் கருவிகள் தீர்த்தன. 1930-களின் கடைசியில் அமெரிக்காவில் ‘டெர்மடோம்’ என்ற கருவி வந்தது. நேந்திரங்காய் சீவும் கட்டையை நினைத்துக்கொள்ளுங்கள். தொடையிலிருந்து ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு கனத்துக்குத் தோலை ஒரே சீராகச் சீவி எடுக்கும். முழு ஆழம் எடுக்காததால் தொடைப் புண் சுமார் இரண்டு வாரத்தில் தானே ஆறிவிடும்.

1964-ல் அடுத்த கருவி வந்தது. சீவிய தோலில் வரிசை வரிசையாகச் சிறு கீறல் போட்டு, வலைபோல விரிக்கும் கருவி. நம் பெரிய வெங்காயம் வரும் வலைச் சாக்கை இழுத்தால் எப்படி அகலமாகிறதோ, அப்படித்தான். ஒரு கையகலத் தோலை மூன்று கையகலத்துக்கு விரித்து ஒட்டலாம். வலைக் கண்களின் இடைவெளியில் புதுத் தோல் ஓரங்களிலிருந்து வளர்ந்து மூடிக்கொள்ளும். கீழே கட்டும் நீரும் அந்தக் கண் வழியே வடிந்துவிடும்.

கருவியைப் போலவே காலக் கணக்கும் மாறியது. முன்பெல்லாம் வெந்த தோல் தானாக அழுகி விழும் வரை மூன்று வாரம் காத்திருந்து பிறகுதான் ஒட்டுப் போடுவார்கள். அதற்குள் கிருமி புகுந்துவிடும். யூகோஸ்லாவியாவின் மாரிபோர் நகரத்தில் ஜான்செகோவிச் என்ற பெண் டாக்டர், சில நாட்களிலேயே வெந்ததைச் சீவி எடுத்துவிட்டு உடனே ஒட்டுப் போட்டு, அதன் பலனை 1970-ல் எழுதினார். இன்று உலகம் முழுவதும் பெரிய தீக்காய மையங்களில் அதுவே வழக்கம். அழுகின சரக்கை மூடைக்குள் வைத்துக்கொண்டு நல்லதையும் கெடுக்காதே என்ற நம் வியாபாரப் பாடம்தான் அது.

அதற்கும் மேலே போனார்கள். 1975-ல் அமெரிக்காவில் மனிதத் தோலின் உயிரணுவைக் கண்ணாடித் தட்டில் வளர்க்கும் முறை கண்டார்கள். உடம்பில் 95 சதத்துக்கு மேல் வெந்துபோன 5, 6 வயது அண்ணன் தம்பி இருவருக்கு, மிச்சமிருந்த துளித் தோலிலிருந்து தகடு தகடாக வளர்த்து ஒட்டிப் பிழைக்க வைத்த செய்தி 1984-ல் வெளிவந்தது. செலவும் வசதியும் மிக அதிகம் தேவைப்படும் முறை அது. ஆனாலும் கதவு திறந்துவிட்டது.

அடையாற்றுத் தோலும் மும்பை உருளைக்கிழங்கும்

இவையெல்லாம் வெளிநாட்டுச் சங்கதி, நம்மால் என்ன முடியும் என்று நினைக்க வேண்டாம்.

சென்னை அடையாற்றில் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. 1948-ல் தொடங்கியது. செருப்புக்கும் பைக்கும் தோல் பதனிடும் ஆராய்ச்சிக்கு ஏற்பட்டது. மாட்டுத் தோலுக்குப் பலம் கொடுப்பது ‘கொலாஜன்’ என்னும் புரதம். மனிதத் தோலிலும் அதுதான். அந்தக் கொலாஜனைச் சுத்தம் செய்து கண்ணாடிக் காகிதம் போன்ற மெல்லிய தகடாக ஆக்கித் தீக்காயத்துக்குப் பயன்படுத்தும் முறையை அந்த நிறுவனம் உருவாக்கியது. ஆழமில்லாத காயத்தைச் சுத்தம் செய்து இந்தத் தகட்டை ஒட்டிவிட்டால், தினம் தினம் கட்டைப் பிரித்துக் கட்டும் சித்திரவதை இல்லை. கீழே தோல் வளர வளரத் தகடு தானாக உரிந்து விழுந்துவிடும். தீக்காயக்காரரைக் கேட்டால் தெரியும், தீயைவிடக் கட்டுப் பிரிக்கும் வேளைக்குத்தான் அதிகம் பயப்படுவார்.

மும்பையில் டாக்டர் கேஸ்வானி என்பவர், இதற்கும் வசதியில்லாத ஏழைகளுக்கு வேகவைத்த உருளைக்கிழங்குத் தோலைத் துணியில் ஒட்டிக் கிருமி நீக்கிக் காயத்தின் மேல் கட்டலாம் என்று 1985-ல் எழுதினார். புண்ணில் கட்டு ஒட்டிப் பிடிக்காமலிருக்க அது உதவியது. மும்பையிலேயே 2003-ல் வாழையிலையை அதேபோலப் பயன்படுத்திப் பார்த்து எழுதினார்கள். நம் சந்தைச் சரக்கு இரண்டும். இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அது ஆஸ்பத்திரியில், கிருமி நீக்கி, டாக்டர் மேற்பார்வையில் கட்டியது. வீட்டுக் குப்பையிலிருந்து தோலை எடுத்து அப்புவது அல்ல.

தழும்புக்கு லேசர்

உயிர் பிழைத்த பிறகு தழும்பு. முன்பு தழும்பென்றால் தலையெழுத்து என்று விட்டுவிடுவார்கள். இப்போது அளவெடுத்துத் தைத்த இறுக்கமான உறையை ஒரு வருடமோ அதற்கு மேலோ இரவும் பகலும் போடச் சொல்கிறார்கள். குளிக்க மட்டும் கழற்றலாம். அந்த அழுத்தம் தழும்பு தடித்து எழும்பாமல் தடுக்கிறது. சிலிகான் தகடும் ஒட்டுகிறார்கள். கூடவே கைப்பயிற்சி.

அதற்கும் மேல் லேசர். பெருநகரத்து அழகு நிலையங்களில் முடி நீக்கவும் முகம் பளபளக்கவும் என்று விளம்பரம் செய்கிறார்களே, அந்த வகைக் கருவிதான். கரியமில வாயு லேசர் என்ற ஒன்றை 1964-ல் அமெரிக்காவில் முதன்முதலில் செய்தவர் குமார் படேல். மகாராஷ்டிராவின் பாராமதியில் பிறந்த இந்தியர். அந்த ஒளியை ஊசிமுனை ஊசிமுனையாகப் பிரித்துத் தழும்பில் நூற்றுக்கணக்கான நுண்துளை போடும் முறை 2004-க்குப் பின் பரவியது. துளையைச் சுற்றிலும் நல்ல தோல் மிச்சமிருப்பதால் சீக்கிரம் ஆறுகிறது. ஆறும்போது இறுகிய தழும்பு இளகுகிறது. பணக்காரர் முகத்துக்கு வந்த கருவி, பட்டாசுத் தொழிலாளியின் விரலை மடங்க வைக்கிறது. தொழில்நுட்பத்தில் நாம் மெச்ச வேண்டியது இதைத்தான்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. நம்மைப் போன்ற மாநிறத் தோல் லேசர் ஒளியை அதிகம் இழுக்கும். அளவு தெரியாதவர் கையில் அதே கருவி புதிதாக ஒரு தீக்காயத்தை உண்டாக்கிவிடும். தோல் டாக்டரோ பிளாஸ்டிக் சர்ஜரி டாக்டரோ அல்லாத இடத்தில் பிள்ளைகளை விடாதீர்கள்.

சாத்தூர்ப் பக்கத்துக் கடை

எங்களிடம் சரக்கு எடுக்கும் சில்லறைக் கடைக்காரர் ஒருவர் சாத்தூர்ப் பக்கம் இருக்கிறார். கடை சின்னது. அவருடைய மனைவி பட்டாசு ஆலை வேலைக்குப் போய்வந்தார். 2017-ல் ஒரு நாள் மருந்து உராய்ந்து பற்றியது. அவருக்கு இரண்டு கையும் முகத்தில் ஒரு பக்கமும் வெந்தது. அங்கிருந்த ஃபோர்மேன் புத்திசாலி. வெளியே வைத்திருந்த டிரம்மிலிருந்து தண்ணீரை மொண்டு மொண்டு, 108 வண்டி வரும் வரை இருபது நிமிஷம் போல் ஊற்றிக்கொண்டே இருந்தார். வளையலையும் மோதிரத்தையும் வீங்குவதற்கு முன் கழற்றினார். வேறு எதையும் தடவ விடவில்லை.

முகத்துக்கும் இடது கைக்கும் கொலாஜன் தகடு போட்டார்கள். வலது புறங்கையில் மட்டும் காயம் ஆழம். அந்த வாரத்திலேயே தொடைத் தோலை எடுத்து ஒட்டுப் போட்டார்கள். ஒரு வருடம் இறுக்கமான கையுறை போட்டிருந்தார். பிறகு மதுரையில் சில தடவை லேசர் வைத்தார்கள். டிரம் தண்ணீர் இல்லாவிட்டால் ஒட்டுப் போடும் இடம் இன்னும் கூடியிருக்கும் என்று டாக்டர் சொன்னாராம்.

வசூலுக்குப் போனபோது அவரே கல்லாவில் இருந்தார். “கை மடங்குதா தாயி?” என்று கேட்டோம். “மடங்குது அண்ணாச்சி. மல்லிப் பொட்டலம் எல்லாம் நான்தான் கட்டுறேன், பாருங்க” என்று ஒன்றைக் கட்டியே காட்டினார். நூலை இழுத்து முடிச்சுப் போட்ட அந்த விரல்களைப் பார்த்தபோது, தராசுப் பக்கம் உட்கார்ந்திருந்த இன்னொரு வலது கை எங்கள் நினைவுக்கு வந்தது.

இரண்டுக்கும் நடுவே முப்பது வருட வைத்திய வளர்ச்சி இருக்கிறது, உண்மைதான். ஆனால் இருபது நிமிஷத் தண்ணீரும் இருக்கிறது. அந்தத் தண்ணீர் 1986-லும் எங்கள் வாசலில் இருந்தது.

கடைக்காரர் செய்ய வேண்டியது

தண்ணீர் ஏன் அவசியம்? தாளிக்கும் சட்டியை அடுப்பிலிருந்து இறக்கிய பிறகும் வத்தல் கருகுகிறதல்லவா? தீ அணைந்த பிறகும் தோலுக்குள் சூடு நின்று அடுத்த அடுக்கையும் வேகவைக்கிறது. ஓடும் தண்ணீர் அந்தச் சூட்டை வாங்கிக்கொள்கிறது. கொப்புளத்தோடு நிற்க வேண்டிய காயம் முழு ஆழத்துக்கு இறங்காமல் தடுக்கிறது. பேஸ்டும் எண்ணெயும் இட்லி மாவும் மூடி போட்டது போலச் சூட்டை உள்ளே அடைக்கின்றன. கிருமியையும் கொண்டுவருகின்றன. டாக்டருக்குக் காயத்தின் ஆழம் தெரியாமல் மறைக்கின்றன.

தீபாவளி இரவில் ஒரு குழந்தை கையைச் சுட்டுக்கொண்டால், தாய் முதலில் ஓடிவருவது டாக்டரிடம் அல்ல, தெருமுனைக் கடைக்கு. “ஒரு பேஸ்ட் குடுங்க அண்ணாச்சி” என்பார். அந்த வியாபாரம் நமக்கு வேண்டாம். குழாயைக் காட்டுங்கள். கீழ்க்கண்டதை எழுதிக் கடையில் ஒட்டி வையுங்கள்.

உடையில் தீப்பிடித்தால் ஓடக் கூடாது. கீழே படுத்து உருள வேண்டும். கனமான பருத்திப் போர்வையோ சாக்கோ போட்டு அமுக்கலாம்.

மருந்துப் பொடியோ சுண்ணாம்போ உடம்பில் ஒட்டியிருந்தால் முதலில் உலர்ந்த துணியால் தட்டிவிட வேண்டும்.

பிறகு சாதாரணக் குளிர்ந்த தண்ணீரை இருபது நிமிஷம் ஊற்ற வேண்டும். ஐஸ் கூடாது. காயம்பட்டு மூன்று மணி நேரம் வரையிலும் தண்ணீருக்குப் பலன் உண்டு. காயம் பெரிதானாலோ, குழந்தையானாலோ உடம்பு நடுங்கத் தொடங்கினால் நிறுத்திவிட்டு, காயமில்லாத இடத்தைப் போர்த்த வேண்டும்.

மோதிரம், வளையல், அரைஞாண் ஆகியவற்றைக் கழற்ற வேண்டும். தோலோடு ஒட்டிய துணியைப் பிய்க்கக் கூடாது. கொப்புளத்தை உடைக்கக் கூடாது.

சுத்தமான வெள்ளைத் துணியால் லேசாக மூடி, 108-ஐக் கூப்பிட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். முகம் கருகியிருந்தாலோ குரல் கம்மினாலோ மூச்சுக்குழலிலும் சூடு பட்டிருக்கலாம். ஒரு நிமிஷமும் தாமதிக்கக் கூடாது.

சிவகாசி அரசு ஆஸ்பத்திரியும் மதுரை அரசு ராஜாஜி ஆஸ்பத்திரியும் நம் பக்கத்துத் தீக்காயக்காரர்களை நெடுநாளாகப் பார்த்துவருகின்றன. 2022 ஜனவரியில் விருதுநகரிலேயே அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டிருக்கிறது.

இன்னொன்று அலமாரியைப் பற்றியது. தழும்பு மறைய என்று சிவப்பழகுக் களிம்பு கேட்டு வருகிறவர்கள் உண்டு. ஸ்டீராய்டு கலந்த களிம்பு முதலில் பளிச்சென்று காட்டிப் பிறகு தோலை மெலியவைத்துவிடும். ஸ்டீராய்டு கலந்த தோல் களிம்புகள் பலவற்றை டாக்டர் சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்று 2018-ல் மத்திய அரசு உத்தரவிட்டது. மருந்து உரிமம் இல்லாத மளிகைக் கடையில் அதற்கு இடமே கிடையாது. ஏஜெண்ட் ஒரு டஜனுக்கு இரண்டு இலவசம் தருகிறார் என்று வாங்கி வைக்காதீர்கள்.

ஒரு வேண்டுகோள்

கடைசியாக ஒன்று. பெரிய தீக்காயத்தில் ஒட்டுவதற்குச் சொந்தத் தோல் போதாமல் போகும். அப்போது இறந்தவரிடமிருந்து தானமாகப் பெற்ற தோலை மேலே போர்த்துவார்கள். அது நிரந்தரமாக ஒட்டாது. இரண்டு மூன்று வாரத்தில் உடம்பு அதைத் தள்ளிவிடும். ஆனால் அந்த இரண்டு மூன்று வாரம்தான் உயிரைத் தாங்கிப் பிடிக்கிறது. மும்பை சயான் ஆஸ்பத்திரியில் 2000-ல் தோல் வங்கி ஏற்பட்டது. இன்று சென்னை போன்ற பெருநகரங்களிலும் உண்டு. இறந்து ஆறு மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும். தொடை, கால், முதுகிலிருந்து மேலாக ஒரு மெல்லிய அடுக்கு மட்டும்தான் எடுப்பார்கள். முகத்தைத் தொடமாட்டார்கள். ரத்த குரூப் பார்க்க வேண்டியதில்லை. கிளிசரினில் போட்டுக் குளிரில் வைத்தால் ஐந்து வருடம் வரை கெடாது.

கண்தானத்துக்கு நம் மக்கள் பழகிவிட்டார்கள். தோல் என்றதும் தயங்குகிறார்கள். எங்கள் வீட்டிலும் பிள்ளைகள் முகத்தைச் சுளித்தார்கள். வீட்டம்மாதான், “மண்ணு திங்கிற தோல்தானே, ஒரு பிள்ளை மேல ஒட்டட்டுமே” என்று முடித்துவைத்தார். இருவரும் சம்மதம் எழுதிக் கொடுத்துவிட்டோம்.

நம் சங்கம் இரண்டு காரியம் செய்யலாம். எந்த ஊர்த் தோல் வங்கி ஆட்கள் நம் ஊருக்கு ஆறு மணி நேரத்துக்குள் வந்து சேர முடியும் என்று விசாரித்து, அந்த விவரத்தைச் சங்கக் கட்டிட அறிவிப்புப் பலகையில் போட வேண்டும். அடுத்து, வருகிற தீபாவளிக்கு முன் ஒவ்வொரு உறுப்பினர் கடை வாசலிலும் மூடி போட்ட ஒரு டிரம் தண்ணீரும் ஒரு குவளையும் இருக்க வேண்டும் என்று பொதுக்குழுவில் தீர்மானம் போட வேண்டும். செலவு ஒரு டிரம் விலை.

எங்கள் கிட்டங்கி வாசலில் அந்தத் தொட்டி இன்றைக்கும் இருக்கிறது. காலையில் கடை திறந்ததும் முதலில் அது நிறைந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் சாமி படத்துக்கு ஊதுபத்தி ஏற்றுகிறோம். நீங்களும் ஒரு டிரம்மை நிரப்பி வையுங்கள். அது ஒரு நாளும் தேவைப்படாமலே இருக்கட்டும்.